தூக்கத்துக்கு மதிப்பெண் இல்லை

வாரத்துக்கு 40 மணி நேரப் படிப்பு போதும் என்கிறது பாடத்திட்டக் கணக்கு. ஆனால் இந்தியக் கல்லூரி மாணவர்கள் பாதி ராத்திரியில்தான் புத்தகத்தைத் திறக்கிறார்கள். மிச்ச நேரம் எங்கே போகிறது?

இரவு 11 மணிக்கு இணையத்தை அணைத்துவிட்டால் மாணவர்கள் தூங்கப் போய்விடுவார்கள் என்று மும்பை பவாயில் உள்ள ஐ.ஐ.டி. நிர்வாகம் 2007 மார்ச்சில் நம்பியது. விடுதி அறைகளுக்கான இணைப்பு 11 மணிக்கு நிறுத்தப்பட்டது. மறுநாள் பகல் 12.30க்குத்தான் மறுபடி உயிர் வந்தது. விடிய விடியக் கம்ப்யூட்டர் விளையாட்டு, சினிமா, அரட்டை. காலை வகுப்புகளுக்கு மட்டம். பக்கத்து அறைக்காரனோடு பேச்சில்லை, வளாகத்தில் கூட்டுவாழ்க்கை என்பதே இல்லை என்பவை நிர்வாகத்தின் குறைகள். மாணவர்கள் பொருமினார்கள். நாட்டிலேயே கடினமான நுழைவுத் தேர்வைத் தாண்டி வந்தவர்களிடம், டி.வி. சுவிட்சை அணைக்கும் தகப்பனார் போலவா நடந்துகொள்வது?

2016க்குப் பிறகு மொபைல் டேட்டா மலிந்தது. சுவிட்ச் மாணவனின் சட்டைப் பைக்கே வந்துவிட்டது. இன்று எந்த விடுதி நிர்வாகம் எந்த மணிக்கு எதை அணைத்தாலும் அறைக்குள் வெளிச்சம் இருக்கும். அந்த உத்தரவு சரியா தவறா என்பதைவிட, அது கேட்கத் தவறிய கேள்வி முக்கியமானது. பகல் முழுவதும் வளாகத்திலேயே இருக்கும் மாணவன் இரவு 11 மணிக்கு ஏன் நாளைத் தொடங்குகிறான்?

காகிதத்தில் பார்த்தால் அதற்கு அவசியமே இல்லை. 2023 ஏப்ரலில் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. வகுப்பு, செய்முறை, வீட்டு வேலை, தேர்வுக்கான தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆண்டுக்கு 40 கிரெடிட், அதாவது 1,200 மணி. ஒரு செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால் வாரத்துக்குச் சரியாக 40 மணி நேரம் வருகிறது. அரசு அலுவலக குமாஸ்தாவின் வேலை நேரம்தான். டில்லி பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் செமஸ்டருக்கு 22 கிரெடிட் கேட்கிறது. அங்கே 44 மணி.

வாரத்தில் 168 மணி நேரம். இரவுக்கு எட்டு மணி வீதம் தூக்கத்துக்கு 56. படிப்புக்கு 44. மிச்சம் 68. சாப்பாடு, குளியல், துணி துவைப்பு, கிரிக்கெட், காதல் எல்லாவற்றுக்கும் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்த எவரும் மாணவர்களைச் சோம்பேறிகள் என்றுதான் சொல்வார்கள். பல பெற்றோர்கள் சொல்லவும் செய்கிறார்கள்.

கணக்கில் வராதவை இருக்கின்றன. முதலாவது, பிரயாணம். டில்லி பல்கலைக்கழகத்தில் விடுதி இடம் கிடைப்பவர்கள் சிறுபான்மை. மற்றவர்கள் வீட்டிலிருந்தோ வாடகை அறையிலிருந்தோ வருகிறவர்கள். மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் குருகிராமிலிருந்து விஸ்வவித்யாலயா நிலையம்வரை வந்து போகும் மாணவிக்கு, நடையும் ஆட்டோவும் சேர்த்து நாளில் மூன்று மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். ஐந்து நாளைக்கு 15 மணி. மும்பையில் விராரிலிருந்தோ கல்யாணிலிருந்தோ சர்ச்கேட்டுக்கும் சி.எஸ்.டி.க்கும் வருகிறவர்களுக்கு இன்னும் மோசம். அங்கே கூட்ட நேரத்து லோக்கலில் நிற்க இடம் கிடைத்தாலே பாக்கியம். புத்தகத்தை விரிப்பது எங்கே?

இரண்டாவது, வகுப்புகளுக்கு நடுவே விழும் ஓட்டைகள். காலை 8.30க்கு ஒரு வகுப்பு, பிறகு 11.30க்கு ஒன்று, பிற்பகல் 2 மணிக்கு ஆய்வுக்கூடம் என்று நேர அட்டவணை அமைந்தால், இடைப்பட்ட நேரம் யாருக்கும் உதவாது. வீட்டுக்குப் போய் வர முடியாது. உட்கார்ந்து ஆழமாகப் படிக்கவும் நேரம் போதாது. கான்டீனில் கரையும் இந்த நேரத்தை மாணவனும் ஓய்வாகக் கருதுவதில்லை, கல்லூரியும் படிப்பாகக் கருதுவதில்லை.

மூன்றாவது, படிப்புக்கு வெளியே உள்ள இன்னொரு படிப்பு. ஐ.ஐ.டி.களில் வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் டிசம்பர் 1ஆம் தேதி வாக்கில் தொடங்குகின்றன. இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வுகள் அதற்கும் முன்னால், செமஸ்டர் சூடுபிடிக்கும்போதே வந்துவிடும். புரோகிராமிங் புதிர்களைப் போட்டுப் பார்ப்பது, கன்சல்டிங் கம்பெனிகளின் மாதிரிக் கேள்விகளுக்குப் பயிற்சி, ரெஸ்யூமேயில் எழுதுவதற்காகவே சங்கத்தில் ஒரு செயலாளர் பதவி. எதற்கும் கிரெடிட் கிடையாது. ஆனால் இதில் எதையும் விட்டுவிடும் துணிச்சல் மூன்றாமாண்டு மாணவர்களில் பலருக்கு இல்லை. கலைக்கல்லூரிகளில் இதே இடத்தை சி.ஏ., யு.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு ஆகியவை பிடித்துக்கொள்கின்றன. டிகிரி பகலில், எதிர்காலம் இரவில் என்று பாகம் பிரித்தாகிவிட்டது.

பெண்களுக்கு இந்தப் பாகப் பிரிவினை வேறு விதம். டில்லியில் 2015ல் தொடங்கிய ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் கூண்டை உடைப்போம் என்று கிளம்பியதே விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துத்தான். பையன்கள் நள்ளிரவுவரை லைப்ரரியில் உட்கார்ந்திருக்க, மாணவிகள் இருட்டியதும் விடுதிக் கதவுக்குள் இருக்கவேண்டும் என்றால், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் யாருடைய மணிக்கணக்கு குறைகிறது என்று அவர்கள் கேட்டார்கள். வீட்டிலிருந்து வரும் மாணவிக்கு விடுதிக் கதவு இல்லை, அடுக்களை இருக்கிறது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இது ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்குமான சராசரி, மாணவிகளுக்கு மட்டுமானதல்ல. ஆனாலும் தேர்வுக் காலத்தில் அண்ணனுக்கு டீ போட்டுக் கொடுத்த தங்கைகளுக்குப் புள்ளிவிவரம் தேவைப்படாது.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களின் கதை இந்தக் கணக்குக்குள் அடங்கவே அடங்காது. டில்லி பல்கலைக்கழகம் 1962லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது இத்தகையவர்களுக்காகத்தான். இன்று அது திறந்தநிலைக் கல்விப் பள்ளி. கடைச் சிப்பந்திகள், டெலிவரிப் பையன்கள், கால்சென்டர் ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறார்கள். ஓய்வு நாளையே படிப்பு நாளாக்கியவர்கள் இவர்கள்.

ஆக, மிச்சமிருப்பதாகச் சொல்லப்பட்ட 68 மணி நேரம் கரைந்துபோகிறது. எங்கிருந்தாவது கடன் வாங்க வேண்டும். வகுப்புக்கு வராவிட்டால் வருகைப்பதிவு கேட்கும். அசைன்மென்ட் தராவிட்டால் பேராசிரியர் கேட்பார். ரெஸ்யூமே காலியாக இருந்தால் கம்பெனி கேட்கும். தூக்கத்தைக் கேட்க ஆளில்லை. மாணவன் அதில்தான் கை வைக்கிறான்.

கை வைப்பதைப் பெருமையாகவும் நினைக்கிறான். இது இன்று நேற்று வந்த பெருமை அல்ல. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் கல்கத்தாவில் தெருவிளக்கில் படித்தார், தூக்கம் வந்தால் தலை சாயாதபடி குடுமியைக் கயிற்றில் கட்டிக்கொண்டார் என்று வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான திருவாரூர் முத்துசாமி ஐயருக்கும் அதே தெருவிளக்குக் கதை உண்டு. மாணவன் நாயைப்போல அரைத் தூக்கம்தான் தூங்கவேண்டும் என்று கூறும் சமஸ்கிருதச் சுலோகம் ஒன்று வட இந்தியப் பள்ளிகளில் இன்றும் பிரபலம். ஏழைப் பிள்ளைக்குப் பகலில் நேரமும் வீட்டில் விளக்கும் இல்லாத காலத்துக் கதைகள் இவை. அறையில் டியூப்லைட்டும் ஏ.சி.யும் இருக்கிற பையனும் அதே வீரத்தைத் தேடுகிறான். “நேற்று நைட் அவுட்” என்று ஐ.ஐ.டி. மாணவன் சொல்லும்போது அதில் அலுப்பைவிட மிடுக்கு அதிகம்.

உடம்பு ஒத்துழைக்கிறதா? ஓரளவுக்கு ஒத்துழைக்கிறது என்பதுதான் சங்கடம். இருபது வயதுக்காரர்களின் உடல் கடிகாரம் உண்மையிலேயே தாமதமாக ஓடுகிறது. மியூனிக் பல்கலைக்கழகத்தின் டில் ரோனபெர்க் குழு 2004ல் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைப் பருவத்துக்குப் பிறகு தூங்கும் நேரம் படிப்படியாகத் தள்ளிப்போய், பெண்களுக்கு ஏறக்குறைய 19.5 வயதிலும் ஆண்களுக்கு 21 வயதை ஒட்டியும் உச்சத்தை அடைகிறது. அதன் பிறகு மெல்லத் திரும்புகிறது. கல்லூரியில் இருக்கும் வயது, வாழ்நாளிலேயே மிகத் தாமதமாகத் தூக்கம் வரும் வயது. அந்த வயதுக்காரனைக் காலை 8 மணி வகுப்பில் உட்கார வைப்பது, ஐம்பது வயதுப் பேராசிரியரை ஆறு மணிக்குப் பாடம் நடத்தச் சொல்வது மாதிரி. அட்டவணையைப் போடுவது பேராசிரியர் என்பதால் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

ஆகவே 12 மணிக்கு விழித்திருப்பது ஒழுக்கக் கேடு அல்ல. 12 மணிக்குப் படுத்து எட்டு மணிக்கு எழுந்தால் பிரச்னையும் இல்லை. மூன்று மணிக்குப் படுத்து ஏழரைக்கு எழுவதில்தான் பிரச்னை. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் செயல்திறன் அளவுக்குக் குறைகிறது. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஏழு மணிக்கு எழுந்து நள்ளிரவு தாண்டிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரை ஒரு போலீஸ்காரர் அதே நிலையில் ஸ்கூட்டரில் பிடித்தால் வழக்குப் போடலாம். அந்த நேரத்தில்தான் தெர்மோடைனமிக்ஸ் படிக்கப்படுகிறது.

படித்தது நிற்குமா என்பது அடுத்த கேள்வி. இதில் நூறு வயதான பழைய சோதனை ஒன்று சுவாரசியமானது. 1924ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரண்டு உளவியலாளர்கள், இரண்டே இரண்டு மாணவர்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்தார்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சில சமயம் உடனே தூங்க விட்டு எழுப்பிக் கேட்டார்கள். சில சமயம் அதே அளவு நேரம் வழக்கமான வேலைகளில் விட்டுவிட்டுக் கேட்டார்கள். தூங்கி எழுந்தபோதுதான் அதிகம் நினைவில் இருந்தது. ஏன் என்பதற்குப் பிற்காலத்து மூளை ஆராய்ச்சி பல விளக்கங்கள் தந்திருக்கிறது. தூக்கத்தில் மூளை சும்மா கிடப்பதில்லை, பகலில் வந்ததை ஒதுக்கி அடுக்கி வைக்கிறது என்பது அவற்றின் சாரம்.

2019ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. வேதியியல் வகுப்பு ஒன்றில் சுமார் 100 மாணவர்களின் மணிக்கட்டில் செமஸ்டர் முழுதும் தூக்கத்தை அளக்கும் பட்டை கட்டப்பட்டது. நிறையத் தூங்கியவர்கள், தினமும் ஒரே மாதிரி நேரம் தூங்கியவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் நன்றாகத் தூங்கியதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை. “நாளைக்குப் பரீட்சை, இன்றைக்காவது தூங்கு” என்று போனில் சொல்லும் அம்மாக்களுக்கு இது சற்று ஏமாற்றம்தான். பாடம் உள்ளே போன வாரங்களில் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம்தான் மதிப்பெண்ணைத் தந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஒழுங்காகத் திட்டமிடுகிறவன் இரண்டையும் ஒழுங்காகச் செய்யலாம். ஆனால் விழித்திருந்தால் முன்னேறலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த எண்களில் ஆதரவு கிடையாது.

நேரத்தை நீட்டாமல் படிப்பை மிச்சப்படுத்த முடியுமா? முடியும். அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நோட்டில் மஞ்சள் மையால் கோடு போட்டுக்கொண்டே நான்கு முறை படிப்பதற்கு ஆகும் நேரத்தில் பாதியை இந்த முறையில் தூக்கத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் எழுதிப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும், தெரியாதது முகத்தில் அறையும். திரும்பப் படிப்பது சுகம். இரவு இரண்டு மணிக்கு மூளை சுகமானதையே தேர்ந்தெடுக்கும்.

காபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்த காபியில் பாதி, விடியற்காலை மூன்று மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தூக்கம் வந்தாலும் அது ஆழமான தூக்கமாக இருக்காது.

இந்த இடத்தில்தான் ‘புரொடக்டிவிட்டி’ வியாபாரிகள் நுழைகிறார்கள். காலை நாலரைக்கு எழுந்து பனி நீரில் குளிக்கும் இளைஞர்களின் வீடியோக்கள், வண்ண வண்ண அட்டவணைகள், நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு எழுதும் மொபைல் செயலிகள். தமிழில் இதற்கு உற்பத்தித்திறன் என்று பெயர். சொல்லிலேயே ஆலைப் புகை அடிக்கிறது. நியாயம்தான், இந்தச் சிந்தனை பிறந்ததே ஆலையில். ஆனால் அந்த ஆலைக்கார முன்னோடியைச் சற்று கவனித்துப் படித்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. அமெரிக்காவின் பெத்லஹெம் ஸ்டீல் ஆலையில் 92 பவுண்டு இரும்புக் கட்டிகளைச் சுமந்த கூலிகளை வைத்து பிரெடரிக் டெய்லர் 1899ல் சோதனை செய்தார். நாளைக்குப் பன்னிரண்டரை டன் சுமந்தவன் 47 டன் சுமந்தான் என்று 1911ல் எழுதிய புத்தகத்தில் பெருமைப்பட்டுக்கொண்டார். எப்படி என்பதற்கு அவர் சொன்ன கணக்கு: அவ்வளவு பாரத்தைத் தூக்குகிறவன் நாளின் 43 சதவீத நேரம்தான் சுமக்க முடியும்; 57 சதவீத நேரம் கை காலியாக இருக்கவேண்டும். எண்களை டெய்லர் ஊதிப் பெருக்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். அது இருக்கட்டும். கூலிக்காரனை இயந்திரமாக்கியவர் என்று திட்டு வாங்கிய மனிதரே ஓய்வை வேலைத் திட்டத்துக்குள் எழுதி வைத்தார். மாணவனின் செயலி அதை ‘வீணான நேரம்’ என்று சிவப்பில் காட்டுகிறது.

இந்த வகைகளில் ஓரளவு உருப்படியானது பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியர் 1980களின் பிற்பகுதியில் கண்டது. அவரும் அப்போது கல்லூரி மாணவர். படிப்பில் மனம் நிற்கவில்லை. தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 25 நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் இடைவெளி என்று ஆரம்பித்தார். உலகம் முழுவதும் பரவிவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் போனை எடுத்தால் திட்டம் அத்தோடு காலி என்பது அவருக்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை.

மாணவன் கையில் இருப்பது இவ்வளவுதான்: படுக்கும் நேரத்தை ஒழுங்காக வைப்பது, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது, எந்தச் சங்கத்தின் பதவி வேண்டாம் என்று முடிவு செய்வது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினம். மற்றதெல்லாம் கல்லூரியின் கையில் இருக்கிறது. நிர்வாகங்கள் கவுன்சலர் நியமிக்கின்றன, யோகா தினம் நடத்துகின்றன, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று சனிக்கிழமை பிற்பகல் கருத்தரங்கு வைத்து வருகையைக் கட்டாயமாக்குகின்றன. அட்டவணையைத் தொடுவது மட்டும் அபூர்வம்.

தொட்டவர்கள் இல்லாமல் இல்லை. டில்லி ஐ.ஐ.டி. 2023 அக்டோபரில் ஒரு காரியம் செய்தது. அதுவரை செமஸ்டருக்கு இரண்டு இடைத் தேர்வுகள், ஓர் இறுதித் தேர்வு, இவை தவிர வினாடி வினா, அசைன்மென்ட் என்று தொடர் மதிப்பீடு. மாணவர்கள், ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்ட நிர்வாகம், இடைத் தேர்வுகளில் ஒன்றை எடுத்துவிட்டது. மிச்சமிருக்கும் இரண்டு தேர்வுகளுக்கும் சேர்த்து 80 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் ஒதுக்கக்கூடாது என்றும் வரம்பு கட்டியது. தேர்வு நாட்காட்டி நெருக்கியடித்துக்கொண்டிருந்தது என்று இயக்குநர் ரங்கன் பானர்ஜி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மாணவனைத் திருத்துவதற்குப் பதில் நாட்காட்டியைத் திருத்திய இந்த முடிவு, எத்தனையோ கருத்தரங்குகளைவிட மேல்.

பயிற்சி மையங்களுக்கு மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ஒரு வரி கவனிக்கத் தக்கது. வகுப்பு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதோடு, விடுமுறைக்கு மறுநாள் தேர்வு வைக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. எழுதியவருக்கு மாணவர் வாழ்க்கை தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை தேர்வு என்றால் ஞாயிறு என்று ஒரு நாள் கிடையாது. கோட்டாவில் இரண்டு வருடம் இப்படி ஞாயிறு இல்லாமல் வளர்ந்தவர்கள்தான் பிறகு கல்லூரிகளுக்கு வருகிறார்கள். அந்த விதி பயிற்சி மையங்களின் வாசலோடு நின்றுவிட்டது.

நீதிமன்றங்கள் இப்போது இந்த விஷயத்துக்குள் வந்திருப்பதற்குக் காரணம் துயரமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022ல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பல காரணங்கள் இருக்கும். சாதியும் கடனும் காதலும் குடும்பமும் அதில் உண்டு. எல்லாவற்றையும் பாடச் சுமையின் தலையில் கட்டுவது தவறு. ஆனாலும் உயர்கல்வி நிலையங்களில் மாணவர் மனநலத்தை ஆராய, முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தேசிய செயற்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றம், வருகைப்பதிவு குறைவு என்ற காரணத்துக்காகச் சட்ட மாணவர் எவரையும் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2016ல் வருகைப்பதிவு போதாமல் தேர்வுக்கு அனுமதி மறுக்கப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சட்ட மாணவர் தொடர்பான வழக்கு அது. தீர்ப்பு வர ஒன்பது ஆண்டுகள் ஆயின.

ஓய்வை எழுத்தில் கொடுத்து நடைமுறையில் பறிப்பதை முழு வடிவில் பார்க்க வேண்டுமானால் மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். பட்டமேற்படிப்பு மாணவர் அங்கே பாதி மாணவர், பாதி ஊழியர். வார்டு, ஆபரேஷன் தியேட்டர், கேஷுவாலிட்டி என்று 36 மணி நேரம் தொடர்ந்து நிற்பது பல அரசு மருத்துவமனைகளில் புதிய செய்தி அல்ல. இடையில் ஆய்வேடும் எழுத வேண்டும், தேர்வுக்கும் படிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பெண் பயிற்சி மருத்துவர் கொலை செய்யப்பட்டபோதுதான், மருத்துவருக்குப் படுக்க ஓர் அறைகூட இல்லை என்பது நாடு முழுவதும் பேசப்பட்டது. இந்த 36 மணி நேரப் பணியை மனிதத்தன்மையற்றது என்று உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது.

இதில் வேடிக்கை, விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ரெசிடென்சி திட்டம், தொடர்ச்சியான பணி சாதாரணமாக நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று அன்றே சொன்னது. அமெரிக்காவில் 1984ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுக் கல்லூரி மாணவி இறந்து, அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் வேலைப்பளு பற்றிச் சர்ச்சை கிளம்பிய பிறகு, அந்த மாநிலம் 1989ல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. இந்தியா அதற்கு மூன்று ஆண்டுகளில், காகிதத்தில், அதைவிடத் தாராளமாக இருந்தது.

2023 இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பட்டமேற்படிப்பு விதிகளில் ‘நியாயமான வேலை நேரம்’, ‘நியாயமான ஓய்வு’ என்ற சொற்கள்தான் இருக்கின்றன. எண் எதுவும் இல்லை. மறு ஆண்டு அதே ஆணையத்தின் மனநலச் செயற்குழு தன் அறிக்கையைத் தந்தது. இளநிலை மாணவர்கள் 25,590 பேரும் பட்டமேற்படிப்பு மாணவர்கள் 5,337 பேரும் அதன் ஆய்வில் பதில் சொல்லியிருந்தார்கள். நாளைக்கு ஏழு எட்டு மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அந்த அறிக்கை. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்றும் பரிந்துரைக்கிறது. அதற்கு அது போட்டிருக்கும் கணக்கு: ஐந்து நாட்கள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் விடுமுறை, ஒரு நாள் 24 மணி நேரத் தொடர் பணி. 1992 உத்தரவில் இருந்த 12 மணி நேரம், 32 ஆண்டுகளுக்குப் பிறகு, ஓய்வுக்காகப் பரிந்து எழுதப்பட்ட அறிக்கையிலேயே வாரத்தில் ஒரு நாளைக்கு 24 ஆகியிருக்கிறது.